பயிருக்கு இழப்பீடு உண்டு, நிலத்துக்கு?

2019 மார்ச் 14. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நயோப்ரரா ஆற்றின் குறுக்கே 1927-ல் கட்டப்பட்ட ஸ்பென்சர் அணை காலையில் உடைந்தது. முந்தைய நாள் கடும் புயல். குளிர்காலம் முடியாத நேரம் என்பதால் பூமி உறைந்து இறுகிக் கிடந்தது. பெய்த மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லை. மழைநீரும் உருகிய பனியும் ஒன்றாகச் சேர்ந்து ஆற்றில் பாய்ந்தன. ஆற்றை மூடியிருந்த பனிப்பாளங்கள் பெயர்ந்து வந்து அணையில் மோதின. அணை போன பிறகு அதே பாளங்கள் கரையோர வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் ஏறிக் குவிந்தன. அவற்றில் சில ஒரு கார் அளவு பெரியவை. பனி உருகியதும் அடியிலிருந்து வெளிப்பட்டவை ஆற்று மணல், வேரோடு வந்த மரங்கள், சுருண்டு கிடந்த முள்கம்பி.

மார்ச் மாதத்தில் அந்தப் பக்கத்துப் பெரும்பாலான வயல்களில் பயிர் நிற்பதில்லை. மக்காச்சோளம் விதைக்க ஏப்ரல் கடைசியாவது ஆகவேண்டும். எத்தனை சதவீதம் பயிர் சேதமானது என்று மட்டும் ஓர் அதிகாரி கணக்கெடுத்திருந்தால், பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். விதைக்க முடியாமல் போனதற்கு அமெரிக்கப் பயிர்க் காப்பீடு ஓரளவு பணம் தரும். வயலில் கிடக்கும் மணலை அள்ள அது ஒரு டாலரும் தராது. அதே வெள்ளம் மிசௌரி ஆற்றில் இறங்கித் தென்மேற்கு அயோவாவைத் தாக்கியபோது, இரும்புக் குதிர்களில் சேமித்திருந்த தானியம் நீரில் ஊறிப் பருத்துக் குதிர்களையே வெடிக்க வைத்தது. அறுவடையாகிக் குதிருக்குப் போன தானியமும் பயிர்க் காப்பீட்டில் வராது.

விவசாயிக்கு நேரும் இழப்பைப் பயிரை வைத்தே அளப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். பயிர் ஒரு பருவத்தின் வருமானம். நிலம் இனி வரப்போகும் எல்லாப் பருவங்களுக்குமான முதல். வெள்ளமும் தீயும் முதலையே தாக்கும்போது பருவத்துக்கான இழப்பீட்டை மட்டும் கொடுத்துவிட்டு நிவாரணம் முடிந்தது என்று அறிவிப்பது நியாயமாகாது.

இதை உணர்ந்து அமெரிக்கா ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தமிழில் அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டம் என்று சொல்லலாம். 1978-ஆம் ஆண்டின் வேளாண் கடன் சட்டத்தில் அதற்கு வழி செய்யப்பட்டது. வேளாண் துறையின் கீழ் உள்ள பண்ணைச் சேவை முகமை அதை நடத்துகிறது. வயலில் குவிந்த மணல், மரம், குப்பைகளை அகற்றுவது, அரித்துப் பள்ளமான நிலத்தை மீண்டும் சமன்படுத்துவது, வேலிகளை எழுப்புவது, உடைந்த வரப்பு, வடிகால் போன்ற மண்காப்பு அமைப்புகளைச் சீரமைப்பது, காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் தடுப்பது, கடும் வறட்சியில் கால்நடைகளுக்குத் தண்ணீர் கொண்டுவருவது ஆகியவற்றுக்கு இதில் பணம் உண்டு. பயிர் இழப்புக்கும் வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் கிடையாது. அவற்றுக்கு வேறு திட்டங்கள் இருக்கின்றன.

பணம் இலவசமாகவும் வருவதில்லை. செலவில் அதிகபட்சம் 75 சதவீதத்தை அரசு ஏற்கிறது. மீதி விவசாயியின் பங்கு. வருமானம் குறைந்தவர்களுக்கும் விவசாயத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் 90 சதவீதம் வரை கிடைக்கும். சேதமடைந்த நிலத்தின் சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் அரசு கொடுக்காது. ஒரு பேரிடருக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 5 லட்சம் டாலர். 2018-ன் வேளாண் சட்டத்துக்கு முன்பு அது 2 லட்சமாக இருந்தது. வேலை தொடங்கும் முன் விண்ணப்பிக்க வேண்டும், அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும், முடிந்தபின் ரசீது காட்ட வேண்டும், சரிசெய்ததைக் குறிப்பிட்ட ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும்.

அமெரிக்காவில் யாருக்கு எவ்வளவு வேளாண் மானியம் போனது என்பது பொதுவெளியில் கிடைக்கும் தகவல். சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற தன்னார்வ அமைப்பு 1995 முதலான கொடுப்பனவுகளை மாவட்ட வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் தன் ஊர்ப் பண்ணைகளின் பட்டியலைப் பார்க்கலாம். வரிப்பணம் எங்கே போகிறது என்று மக்கள் அறிவது நல்லது. இந்தப் பட்டியல் தொடர்ந்து வெளிவர வேண்டும். ஆனால் ஒரு பெயருக்கு எதிரே 30,000 டாலர் என்று பார்ப்பவர், அந்தப் பண்ணைக்காரர் 75 சதவீதக் கணக்கில் தன் பையிலிருந்து 10,000 டாலர் போட்டு மொத்தம் 40,000 டாலருக்கு வேலை செய்து ரசீது கொடுத்தபிறகே அது வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. பெரும் பண்ணைகளுக்கு ஆண்டுதோறும் போகும் விலை ஆதரவுப் பணத்தையும், மணல் மூடிய நிலத்தை மீட்கக் கொடுத்த பணத்தையும் ஒரே தட்டில் வைத்து மானியம் மானியம் என்று சாடுவது நியாயமாக இல்லை.

நிலத்தைக் காப்பதும் அரசின் வேலை என்ற சிந்தனைக்கு 1930-களின் புழுதிப் புயல் காலம்தான் வித்து. கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் சமவெளிகளில் புல்தரையை உழுது கோதுமை விதைத்தார்கள், மழை பொய்த்தது, காற்று மேல்மண்ணைத் தூக்கிக்கொண்டு போனது. 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகலை இருளாக்கிய புழுதியால் அந்த நாளுக்குக் கறுப்பு ஞாயிறு என்றே பெயர் நிலைத்தது. மண் அரிப்பு ஒரு தேசத்தையே அழிக்கும் என்று ஊர் ஊராகப் போய் எச்சரித்துவந்த மண்ணியல் அறிஞர் ஹியூ ஹேமண்ட் பென்னட்டின் குரல் அப்போதுதான் தலைநகரில் எடுபட்டது. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 27 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் மண் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தனியாருக்குச் சொந்தமான வயலின் மண்ணைக் காப்பதிலும் நாட்டுக்குப் பொறுப்பு உண்டு என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இன்றைய அவசரகாலத் திட்டத்தில் காற்று அரிப்புத் தடுப்புக்குத் தனி இடம் இருப்பது அந்தக் காலத்தின் தொடர்ச்சி.

வெள்ளத்தைவிடத் தீ வேறு மாதிரிச் சேதம் செய்யும். 2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸின் வடகோடியில் மின்கம்பியிலிருந்து பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீ அது. ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. எரிந்தது பெரும்பாலும் மேய்ச்சல் நிலம். நல்ல மழை பெய்தால் புல் திரும்பி வந்துவிடும். வேலி தானாகத் திரும்பாது. மரத்தூண்கள் சாம்பலாகிவிடும், முள்கம்பி பார்வைக்கு அப்படியே நின்றாலும் சூட்டில் துத்தநாகப் பூச்சு போய், முறுக்கு இழந்து, இழுத்தால் உடைந்துவிடும். வேலியில்லாத நிலத்தில் மாட்டை விட்டால் அது நெடுஞ்சாலைக்குப் போகும். மாட்டை வேறிடத்தில் வைத்துத் தீனி வாங்கிப் போட வேண்டும். பண்ணைக்காரரிடம் மாடும் இருக்கும், சில மாதங்களில் புல்லும் வந்துவிடும். இரண்டையும் சேர்க்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

புதிய வேலிக்கு மைலுக்குப் பத்தாயிரம் டாலர் அளவில் ஆகும் என்பது அப்போது அங்கே சொல்லப்பட்ட கணக்கு. பத்து மைல் வேலி இழந்தவருக்கு ஒரு லட்சம் டாலர். அரசு 75,000 தரும். ஆனால் எப்போது? வேலி கட்டி முடித்து, ரசீது கொடுத்த பிறகு. இந்த இடைவெளியைக் குறைக்கவே 2018 சட்டம் ஒரு திருத்தம் செய்தது: வேலிக்கான மானியத்தில் கால் பங்கு வரை முன்பணமாகக் கொடுக்கலாம், அதை 60 நாட்களுக்குள் செலவழிக்க வேண்டும். 2023-ல் இந்த முன்பண வசதியை வேலிக்கு அப்பால் மற்ற வேலைகளுக்கும் விரித்தார்கள். நல்ல திருத்தம். ஆனாலும் மேற்சொன்ன பண்ணைக்காரர் எண்பதாயிரம் டாலருக்கு மேல் தன் பணத்தையோ வங்கிக் கடனையோ போட்டால்தான் வேலை நடக்கும். மாடு செத்து, மேய்ச்சல் போய், அந்த ஆண்டு விற்கக் கன்று இல்லாதவரிடம் இவ்வளவு பணம் இருக்குமா?

அதே 2018 சட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு திருத்தமும் உண்டு. முன்பு இயற்கைப் பேரிடர் என்ற வரையறைக்குள் வராத தீக்கு உதவி கிடைப்பதில் சிக்கல் இருந்தது. தீ மனிதராலோ மின்கம்பியாலோ பற்றியிருந்தாலும், அது பரவியது காற்று போன்ற இயற்கைக் காரணத்தால் என்றால் உதவி உண்டு என்று சட்டம் தெளிவுபடுத்தியது. அந்த ஒரு வாக்கியம் இல்லாதிருந்தால் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் பண்ணைகள் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். மின் நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவு என்று நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அதுவரை நிலம் காத்திருக்க வேண்டியதில்லை.

இத்தனை நுணுக்கமாக யோசித்து அமைத்த திட்டத்துக்கு அடிப்படையிலேயே ஒரு பெரிய குறை இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, விதிகள் இருக்கின்றன. பணம் மட்டும் ஆண்டுதோறும் நிச்சயமாக வருவதில்லை. பேரிடர் நடந்தபின் நாடாளுமன்றம் கூடித் தனி மசோதா நிறைவேற்றினால்தான் பெருந்தொகை வரும். கத்ரினா புயல் 2005 ஆகஸ்டில் அடித்தது. இந்தத் திட்டத்துக்கு 19.98 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது டிசம்பரில். 2018 பிப்ரவரியில் 40 கோடி. நெப்ராஸ்கா வெள்ளத்துக்குப் பிறகு, 2019 ஜூனில் 55.8 கோடி. 2024 டிசம்பரில் 82.8 கோடி. செலவாகாத தொகை அடுத்த ஆண்டுக்கும் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பெரும் புயல் வந்தால் கையிருப்பு கரைந்துவிடும். அடுத்த மசோதா வரும்வரை விண்ணப்பங்கள் மேசையில் கிடக்கும்.

நகரங்களுக்கு இப்படி இல்லை. சாலை, பாலம், பள்ளிக்கூடம், வீடு ஆகியவற்றுக்கு உதவும் அவசரநிலை மேலாண்மை முகமைக்குத் தனிப் பேரிடர் நிதி உண்டு. ஒவ்வோர் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலும் அதற்கு ஒதுக்கீடு நடக்கிறது. புயல் வரும் என்று அரசுக்குத் தெரியும். எங்கே, எப்போது என்பதுதான் தெரியாது. நகரத்துச் சாலைக்கு இதை ஒப்புக்கொள்ளும் அரசு, வயலுக்கும் ஒப்புக்கொள்வதில் என்ன தடை?

தாமதத்தின் விலை வேளாண்மையில் மற்ற இடங்களைவிட அதிகம். ஹெலீன் புயல் 2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் கரையேறி, வடக்கு நோக்கிப் போய், வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியைச் சிதைத்தது. மலைகளுக்கு நடுவே விவசாயத்துக்குத் தோதான சமநிலம் ஆற்றங்கரையில் மட்டுமே இருக்கும்; வெள்ளமும் அங்கேதான் பாயும். சில வயல்களில் மேல்மண் முழுதாகப் போனது, சிலவற்றில் மணலும் கல்லும் வந்து குவிந்தன. நிதிச் சட்டம் கையெழுத்தானது டிசம்பர் 21 அன்று. ஏறக்குறைய பன்னிரண்டு வாரம். குளிர்காலத்துக்கு முன் மூடுபயிர் விதைத்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கலாம். திறந்து கிடந்த மண்ணை அடுத்தடுத்த மழை இன்னும் அரித்தது. அங்கிருந்த பண்ணைகளில் பெரும்பாலானவை சிறியவை. ஒரு பருவம் தவறினால் நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அவர்கள்.

வேலைக்கு முன் அதிகாரி வந்து பார்க்க வேண்டும் என்ற விதியும் இங்கே குறுக்கே வருகிறது. மோசடியைத் தடுக்க அந்த விதி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே இரவில் ஒரு மாநிலத்தின் பாதி மாவட்டங்கள் மூழ்கும்போது இருக்கும் அலுவலர்களை வைத்து எத்தனை வயலைப் பார்க்க முடியும்? ஹெலீனுக்குப் பிறகு பண்ணைச் சேவை முகமை இந்த விதியை ஓரளவு தளர்த்தி, மேலே கிடக்கும் குப்பைகளை அகற்றுவது போன்ற சில வேலைகளை முன்கூட்டியே தொடங்க அனுமதித்தது. படம் எடுத்து வை, செலவுக்கு ரசீது வை, வேலையைத் தொடங்கு என்பதே எல்லாப் பேரிடருக்கும் நிரந்தர விதியாக வேண்டும். கைபேசியில் எடுத்த படத்திலேயே நாளும் இடமும் பதிவாகும் காலம் இது.

யாருக்குக் கிடைக்கிறது என்பது இன்னும் கசப்பான விஷயம். அமெரிக்க வேளாண் துறையின் உள்ளூர் முடிவுகளில் மாவட்டக் குழுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள் அவை. ஊரை அறிந்தவர்கள் ஊர் நிலத்தைப் பற்றி முடிவெடுப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தென் மாநிலங்களில் நீண்டகாலம் அந்தக் குழுக்களில் வெள்ளையரே நிறைந்திருந்தார்கள். கறுப்பின விவசாயிகளின் கடன் மனுக்களும் பேரிடர் உதவி மனுக்களும் தள்ளிப்போடப்பட்டன. 1981 முதல் 1996 வரை நடந்த பாகுபாட்டுக்காகத் தொடுக்கப்பட்ட பிக்ஃபோர்ட் வழக்கு 1999-ல் சமரசமாகி, அரசு 100 கோடி டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. 2010-ல் மேலும் 125 கோடி டாலருக்கு இரண்டாவது சமரசம். 2025 ஜூலையில் வேளாண் துறை, இனத்தையும் பாலினத்தையும் வைத்துத் தரும் முன்னுரிமைகளைத் திட்டங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அதுவரை 90 சதவீத உதவிக்குத் தகுதி பெற்றிருந்த ஒரு பிரிவு அதனால் பட்டியலிலிருந்து விழுந்தது. நீதிமன்றம் வரை போன அநீதியின் சுவடு மறையும் முன்பே அதற்கான பரிகாரத்தை எடுத்துவிடுவது தவறு.

நிலத்தின் பத்திரமும் ஒரு தடை. உயில் எழுதாமல் இறந்த பாட்டனாரின் நிலம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பலருக்கும் பிரிக்கப்படாத பங்காக இறங்கியிருக்கும். உழுவது ஒருவர், பத்திரத்தில் இருப்பது இறந்துபோனவர் பெயர். தென் மாநிலக் கறுப்பினக் குடும்பங்களிலும் அப்பலாச்சிய மலைக் குடும்பங்களிலும் இது சர்வ சாதாரணம். தெளிவான உரிமைப் பத்திரம் இல்லை என்று இவர்கள் பல ஆண்டுகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2018 சட்டம்தான், வரி ரசீது, உறவினர்களின் ஒப்புதல் போன்ற மாற்று ஆவணங்களைக் காட்டி, உதவி கேட்கத் தேவையான பண்ணை எண்ணைப் பெறலாம் என்று வழி திறந்தது. தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும் எந்தத் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கும் இந்த வலி புரியும்.

திரும்பத் திரும்ப மூழ்கும் நிலத்தை ஒவ்வொரு முறையும் வரிப்பணத்தில் சரிசெய்ய வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நியாயமான கேள்வி. அதே இடத்தில் அடிக்கடி நேரக்கூடிய சேதத்துக்கு உதவி இல்லை என்று திட்டத்தின் விதியே சொல்கிறது. ஆனால் அடிக்கடி என்பது இப்போது என்ன? மிசௌரி ஆற்றங்கரை 1993-ல் மூழ்கியது, 2011-ல் மூழ்கியது, 2019-ல் மூழ்கியது.

1993-ன் அனுபவம் இதற்கு ஒரு நல்ல விடை தருகிறது. அந்த ஆண்டுப் பெருவெள்ளத்தில் மிசௌரி ஆற்றின் கரைகள் வரிசையாக உடைந்து, கரையோர வயல்களில் பல அடி உயரத்துக்கு மணல் குவிந்தது. வேறு இடங்களில் வெள்ளம் குடைந்து வயல்களைக் குளமாக்கியது. பல இடங்களில் சீரமைப்புச் செலவு நிலத்தின் விலையையே தாண்டியது. அப்போது அரசு அவசரகால ஈரநிலத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, விருப்பப்பட்ட உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து அந்த நிலங்களை நிரந்தரமாக ஈரநிலமாக விடச் செய்தது. மறு ஆண்டு மிசௌரி மாநிலத்தில் பிக் மடி என்ற வனவுயிர்ப் புகலிடம் உருவானது. வெள்ளத்தில் வீணான நிலங்களை விற்க முன்வந்தவர்களிடமிருந்து வாங்கியே அது வளர்ந்தது. 2019 வெள்ளத்துக்குப் பிறகு அதே மாநிலத்தின் அட்சிசன் மாவட்டத்தில், உடைந்த வெள்ளக்கரையை இருந்த இடத்திலேயே கட்டாமல் சுமார் ஐந்து மைல் நீளத்துக்கு உள்வாங்கிக் கட்டினார்கள். ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஆற்றுக்குத் திரும்பக் கிடைத்தது. உள்ளூர் விவசாயிகள் முன்வந்து இடம் கொடுத்ததால்தான் அது நடந்தது.

ஆக, சரிசெய்யப் பணம், விலகிக்கொள்ளவும் பணம் என்று இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். எந்தக் கதவு என்பதை விவசாயியே முடிவு செய்யட்டும். இரண்டையும் மூடிவிட்டு ஆற்றங்கரையில் ஏன் விவசாயம் செய்தாய் என்று கேட்பது கொடுமை. நல்ல வண்டல் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ஊருக்குச் சோறு அங்கிருந்துதான் வந்தது.

இந்தியாவிலும் இதற்கு ஒரு விதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு வகுத்த அளவுகோலில், வெள்ளம் கொண்டுவந்த மணலோ வண்டலோ மூன்று அங்குலத்துக்கு மேல் படிந்த விளைநிலத்தைச் சீராக்க ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று இருக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட தொகை இது. அதற்கு முன் 12,200. ஆறு திசை மாறியோ மண் சரிந்தோ நிலமே போய்விட்டால் ஹெக்டேருக்கு 47,000. ஆக, நிலத்துக்கு ஏற்பட்ட சேதம் தனி, பயிருக்கு ஏற்பட்டது தனி என்பதை நம் விதிகளும் ஒப்புக்கொண்டுதான் இருக்கின்றன.

தொகையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். அதில் மூன்று அங்குலம் மணல் படிந்தால் 762 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 270 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பர் லாரியில் 90 நடை. அரசு தரும் 18,000 ரூபாயை 90 நடைக்குப் பங்கிட்டால் நடைக்கு 200 ரூபாய். ஜேசிபி வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், இந்தத் தொகை இரண்டு நாள் வேலைக்கு மேல் தாங்காது. அதுவும் மூன்று அங்குலத்துக்கான கணக்கு. மணல் மூன்று அடி படிந்தாலும் தொகை அதேதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைத் தோட்டங்களிலும் நெல் வயல்களிலும் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. ஓராண்டு கழித்து ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர வயல்களை மூடியது. அப்போது அறிவிக்கப்பட்ட நிவாரணத்தில் எல்லோருக்கும் நினைவில் நின்றது, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமடைந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது. மணல் மூடிய வயலைச் சீர்செய்ய என்ன வழி என்பது அந்த அளவுக்குப் பேசப்படவே இல்லை. கரையோர விவசாயிகள் அடுத்த போகத்துக்கு வயலைத் திரும்பப் பெற நகையை அடகு வைத்து இயந்திரம் பிடித்தார்கள்.

அள்ளிய மணலை எங்கே கொண்டுபோவது என்பது அடுத்த தலைவலி. சொந்த வயலில் கிடந்தாலும் மணல் கனிமம். லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். மணல் கொள்ளையைத் தடுக்கப் போட்ட விதி, மணலால் வயலை இழந்தவரையும் பிடித்துக்கொள்கிறது. பேரிடர் என்று அறிவித்த வட்டங்களில் குறிப்பிட்ட மாதங்களுக்கு மாவட்ட ஆட்சியரே ஒரே ஆணையில் இந்த அனுமதியைக் கொடுத்துவிடலாம். பொதுப்பணிக்கு அந்த மணலை அரசே எடுத்துக்கொண்டு, எடுக்கும் செலவையும் ஏற்றுக்கொண்டால் இரு தரப்புக்கும் நல்லது.

அமெரிக்காவைப் போல 75 சதவீதம் இங்கே தர முடியுமா என்று கேட்கலாம். அந்த நாட்டின் வருமானம் வேறு, பண்ணையின் அளவு வேறு. ஆனால் உண்மையான செலவை அளந்து, அதில் ஒரு பங்கைத் தருவது என்ற முறையை எந்த நாடும் எடுத்துக்கொள்ளலாம். ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஆழத்தைப் பார்க்காமல் கொடுப்பதற்குப் பதில், கன மீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். கால் பங்கை முன்பணமாக விவசாயியின் வங்கிக் கணக்கில் போடலாம். அந்தப் பணம் பட்டாதாரருக்கா, குத்தகைக்கு உழுபவருக்கா என்பதையும் பேரிடருக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். மணலை அள்ளுபவர் யாரோ அவருக்கே அது போக வேண்டும்.

இதையெல்லாம் தொடங்க ஒரு சிறு மாற்றம் போதும். வெள்ளம் வடிந்து கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வயலுக்கு வரும்போது, பயிர்ச் சேத சதவீதத்தை எழுதும் படிவத்திலேயே மணலின் ஆழத்தை எழுதவும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். முதல் வாரத்திலேயே அளந்து, படம் எடுத்து வைத்துவிட வேண்டும். இரண்டு மாதம் கழித்து அளக்க வந்தால், கடன் வாங்கி மணலை அப்புறப்படுத்திய விவசாயியின் வயலில் அளக்க ஒன்றும் இருக்காது. அவர் பெயரும் பட்டியலில் ஏறாது.